ஆயிரம் குடும்பம் அங்கே, ஒரு கைப்பிடி இங்கே!

(‘சிப்பி இனத்துக்குப் பாதுகாப்பு பண்ணையா, கடலா?’ என்ற பட்டிமன்றத்தில் கடல் அணிக்காகப் பேசியது)



எனக்கு முன்னாலே பேசின அம்மா, "பண்ணைச் சிப்பி ஒரே அளவு, ஒரே ருசி. கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்"னு சொன்னாங்க. அம்மா, அந்த ‘ஒரே’ங்கற வார்த்தைதான் எனக்குப் பயமா இருக்கு! (கைதட்டல்)

நான் சொல்றது முத்துச் சிப்பி இல்லை. சாப்பிடுகிற பசிபிக் சிப்பி. பூர்வீகம் ஜப்பான் பக்கம். பிரான்ஸ் நாட்டிலே முன்பு வளர்த்தது போர்த்துக்கீசியச் சிப்பி. 1970-ஐ ஒட்டி ஒரு வைரஸ் நோய் வந்தது. சில வருஷத்திலே அந்த இனத்தை அந்தக் கரையிலிருந்து துடைத்துவிட்டது. பண்ணைக்காரர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். 1971 முதல் கனடாவின் மேற்குக் கரையிலிருந்து 500 டன்னுக்கு மேலே பெரிய பசிபிக் சிப்பிகளையும், ஜப்பானிலிருந்து கோடிக்கணக்கான குஞ்சுகளையும் கொண்டுவந்து இறக்கினார்கள்.

ஒண்ணு ரெண்டு இல்லைங்க, ஊரையே பெயர்த்துக் கொண்டுவந்த மாதிரி! அதனாலே ஜப்பானிலிருந்த மரபணு வகைகளிலே பெரும்பகுதி கூடவே வந்தது. பண்ணை வேலியைத் தாண்டிப் பாறையிலே ஒட்டிக்கிட்டு, தானே குடித்தனம் நடத்த ஆரம்பித்தது. இன்றைக்கு அந்தக் கடலோரச் சிப்பியைச் சோதித்தால் மரபணு வளத்திலே ஜப்பான் சிப்பிக்குப் பெரிய குறைச்சல் இல்லை.

இப்போ குஞ்சு பொரிப்பகத்துக்கு வாங்க. ஒரு தாய்ச் சிப்பி கோடிக்கணக்கில் முட்டை விடும். அப்புறம் எதுக்குப் பத்துத் தாய்? நாலு போதுமே! அந்த நாலிலேயும் எல்லோருடைய பிள்ளையும் தங்காது. எண்ணிப் பார்த்தால் கோடி. சொந்தம் விசாரித்தால் எல்லாம் அண்ணன் தம்பி! (சிரிப்பு) அடுத்த தலைமுறைக்கு யாரைச் சம்பந்தம் பேசறது? சிப்பி உடம்பிலே தீங்கான மரபணுக்கள் ஏராளமாய் மறைஞ்சு கிடக்கு. நெருங்கின உறவிலே சேர்ந்தா அது வெளியே வரும்; வளர்ச்சி குன்றும், சாவு கூடும்.

கடலிலேயும் எல்லாச் சிப்பிக்கும் வாரிசு நிலைக்காது, ஒத்துக்கறேன். ஆனா இந்த வருஷம் இவன் பிள்ளை, அடுத்த வருஷம் அவன் பிள்ளைன்னு கலந்துக்கிட்டே இருக்கும்.

2008-லே பிரான்சிலே வேறொரு வைரஸ். குஞ்சுகளிலே நூற்றுக்கு 40 முதல் 80 வரை செத்துப்போச்சு. கடல் குஞ்சும் செத்தது, நான் மறைக்கலை. ஆனா சிலது பிழைச்சது. அந்தத் தாங்கும் சக்தி பிள்ளைக்கும் வருதுன்னு விஞ்ஞானிகள் கண்டுபிடிச்சு, பொறுக்கிப் பெருக்கினாங்க. "பார்த்தீங்களா, நோயை ஜெயித்தது பொரிப்பகம்"னு எதிரணித் தலைவர் இங்கே மேஜையைத் தட்டினார்.

ஐயா, ஆர்க்காஷோன் வளைகுடாவிலே சுண்ணாம்பு பூசின ஓட்டைக் கடலிலே வச்சுக் குஞ்சு பிடிக்கிறவன் கேட்கச் சொன்ன மாதிரி நான் கேட்கிறேன். பொறுக்கினது சரி. பொறுக்கறதுக்கு முதல்லே எந்தக் கடலிலேர்ந்து எடுத்தாங்கன்னு, மணி அடிக்கறதுக்குள்ளே அவரைச் சொல்லச் சொல்லுங்க! (பலத்த கைதட்டல்)