செல்போனை வாத்தியாராக்குவோம்

(சித்தூர், திருப்பதி வட்டாரத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பிழைப்புத் தேடி இந்த மண்ணுக்கு வந்தவர்கள் நாம். கட்டட வேலை, ஓட்டல் வேலை, மூட்டை தூக்கும் வேலை, எதுவானாலும் உழைப்பு நம்முடையது. அந்த உழைப்பை எழுதி வைக்கும் கணக்கு மட்டும் தெலுங்கில் இருக்கிறது. நமக்கும் கணக்குக்கும் நடுவே ஒருவர் வந்து நிற்கிறார். மேஸ்திரி சொன்னதே கூலி, அவர் சொன்னதே பாக்கி. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்வதைத் தாய்க்கு எடுத்துச் சொல்ல, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மகள் வரவேண்டியிருக்கிறது. மொழி தெரியாதவன் வாய் இருந்தும் ஊமை.

இன்று நம் பையில் செல்போன் இருக்கிறது. "அதுவே பேசிவிடும், நமக்கெதற்குத் தெலுங்கு?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சங்கத்தின் கடமை.

செல்போனின் உதவியை நாம் குறைத்துப் பேசவில்லை. 2011இல் கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழும் தெலுங்கும் சேர்ந்தன. 2022இல் ஒன்றிய அரசு பாஷிணி என்ற மொழிபெயர்ப்புத் திட்டத்தைத் தொடங்கியது. தமிழில் பேசினால் தெலுங்கில் ஒலிக்கிறது. தெலுங்கு நோட்டீசின் முன் கேமராவைக் காட்டினால் தமிழில் வருகிறது. மொழியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால், நெட் இல்லாத இடத்திலும் கொஞ்சம் கைகொடுக்கும். அவசரத்துக்கு இது பெரிய துணை.

ஆனால் கூலி பேசும் இடத்தில் என்ன நடக்கிறது? மிக்சர் மெஷின் இரைச்சலில் போனுக்குக் காது கேட்காது. நாம் பொத்தானை அழுத்தி முடிக்கும்வரை மேஸ்திரி காத்திருக்க மாட்டார். சார்ஜ் தீர்ந்தால் பேச்சும் தீர்ந்தது. நேற்று மேஸ்திரியை நம்பி நின்றோம், இன்று மெஷினை நம்பி நிற்கிறோம் என்றால், தரகன் மாறினானே தவிர நாம் மாறவில்லை.

1820இல் கடப்பைக்கு உத்தியோகம் பார்க்க வந்தார் சி. பி. பிரவுன் என்ற வெள்ளைக்காரர். பண்டிதர்களை வைத்துத் தெலுங்கு கற்றார். 1852இல் தெலுங்கு-ஆங்கில அகராதியே வெளியிட்டார். பண்டிதருக்குச் சம்பளம் கொடுக்க அவரிடம் பணம் இருந்தது. நம்மிடம் இல்லை. ஆனால் சலிக்காமல் நூறு தடவை உச்சரித்துக் காட்டும் பண்டிதர் இன்று நம் பையிலேயே இருக்கிறார். அவரை எடுபிடி வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

தெலுங்கு நமக்குத் தூரத்து மொழியும் அல்ல. வாக்கியம் நம்மைப் போலவே வினையில் முடிகிறது. கூலி அங்கேயும் கூலிதான், தப்பு அங்கேயும் தப்புதான். இந்த ஒற்றுமையே சில இடத்தில் காலை வாரிவிடும். "ஆதிவாரம் செலவு" என்று எழுதியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்று பொருள், கைக்காசு செலவாகும் என்றல்ல. "காது" என்றால் அல்ல. "வந்த" என்றால் நூறு. "மூடு வந்தலு" என்று முதலாளி சொன்னால் முந்நூறு ரூபாய், கதவை மூடச் சொல்லவில்லை!

இன்னொன்றையும் கவனியுங்கள். தெலுங்குச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்கிறோம். நம்முடைய 'க' ஒரே எழுத்து, தெலுங்கிலோ ஒலிக்கு ஒலி எழுத்து வேறு. மரியாதைக்குப் பெயரோடு சேர்க்கும் 'காரு'வையும், ரோட்டில் ஓடும் காரையும் நாம் ஒன்றாகவே எழுதுவோம். காதால் கேட்டால்தான் வித்தியாசம் விளங்கும். இங்கேதான் செல்போன் வாத்தியாராகிறது. ஒரு வாக்கியத்தைப் பேசவிடுங்கள், திருப்பிச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாவிடம் கேட்டு, அவர் குரலையே பதிவு செய்துகொள்ளுங்கள். மெஷின் சொன்னது சரியா என்று அவரிடமே கேளுங்கள். முதல் வாரத்துக்கு மூன்று வாக்கியம் போதும். "ஈ ரோஜு கூலி எந்த?" - இன்றைய கூலி எவ்வளவு? "ஈ காகிதம்லோ ஏமுந்தி?" - இந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது? "சதிவி செப்பண்டி" - படித்துச் சொல்லுங்கள்.

எழுத்துக்குப் பயப்பட வேண்டாம். ரயில்வேயில் வேலை பார்க்கும் நாங்கள் ஒரு வழி சொல்கிறோம். நிலையப் பெயர்ப்பலகையே நமக்கு அரிச்சுவடி. திருப்பதி என்பதைத் தெலுங்கில் தி, ரு, ப, தி என்று நான்கு எழுத்தில் எழுதுகிறார்கள். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒன்றே. அதே 'ரு'தான் சித்தூர் பலகையின் கடைசியிலும் நிற்கிறது. பலகையைப் போட்டோ எடுத்து வாருங்கள், இரவில் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். பிள்ளைகள் நமக்குத் தெலுங்கு சொல்லித் தரட்டும், நாம் அவர்களுக்குத் தமிழ் எழுத்து சொல்லித் தருவோம். 2001இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களும் அதே போனில் கிடைக்கின்றன.

தோழர்களே, நாம் தெலுங்கு கற்பதால் முதலாளியின் கடமை தீர்ந்துவிடாது. மாநிலம் விட்டு மாநிலம் வந்த தொழிலாளர்களுக்கான 1979ஆம் ஆண்டுச் சட்டம் என்ன சொன்னது? ஒப்பந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் போட்டோ ஒட்டிய பாஸ்புத்தகம் தரவேண்டும், கூலி விகிதமும் பிடித்தமும் அதில் தொழிலாளியின் மொழியிலும் இருக்கவேண்டும் என்றது. நம்மில் எத்தனை பேர் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் கண்டோம்? அந்தச் சட்டத்தின் இடத்தில் இன்று 2020இல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. சட்டம் மாறலாம், நம் கோரிக்கை மாறாது. கூலிக் கணக்கைத் தமிழிலும் கொடு என்று கேட்போம். அதைத் தெலுங்கிலேயே கேட்போம்!

பக்கத்தில் நின்று கல் சுமக்கும் தெலுங்குத் தொழிலாளிக்கும் இதே மேஸ்திரிதான், இதே பாக்கிதான். அவர் துன்பம் நமக்குப் புரிய வேண்டும், நம் துன்பம் அவருக்குப் புரிய வேண்டும். அதற்கு நடுவில் மெஷின் எதற்கு?

ஆகவே, படிக்காத காகிதத்தில் கைநாட்டு வைக்காதீர்கள். தினம் பத்துச் சொல், வாரம் ஒரு கூட்டம். பெண்கள் முன்வரிசையில் வந்து உட்காருங்கள். போனைக் கையில் எடுப்போம், மொழியை நாவில் ஏற்றுவோம், உரிமையை நேரில் கேட்போம்.