விடுமுறை எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது



வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் சிகிச்சைக்காகவும் கல்விக்காகவும் நாம் பலமுறை கூடியிருக்கிறோம். அவர்களின் விளையாட்டுக்காகக் கூடியது குறைவு. ஆகவே, கோடைக்காலப் பகல்நேர முகாம்களைப் பற்றி மட்டுமே பேசப்போகும் இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

இந்த முயற்சியின் வரலாற்றில் முக்கியமான இடம் ஒரு வீட்டுப் புல்வெளிக்கு உண்டு. அறிவுசார் குறைபாடுள்ள தன் குழந்தையை எந்தக் கோடை முகாமும் சேர்த்துக்கொள்ளவில்லை என்று ஒரு தாய் யூனிஸ் கென்னடி ஷ்ரைவரிடம் முறையிட்டார். அமெரிக்காவின் மேரிலாந்தில் தாம் குடியிருந்த டிம்பர்லான் பண்ணை வீட்டையே யூனிஸ் 1962 ஜூனில் முகாமாக்கினார். அவருடைய அக்கா ரோஸ்மேரிக்கும் அறிவுசார் குறைபாடு இருந்தது. 1941-இல் செய்த மூளை அறுவை அவரை மேலும் முடக்கிவிட்டது. அந்த வேதனை தெரிந்த வீட்டில்தான் பிள்ளைகள் நீந்தினார்கள், பந்து விளையாடினார்கள், குதிரை ஏறினார்கள். 1968 ஜூலை 20-இல் சிகாகோவில் தொடங்கிய சிறப்பு ஒலிம்பிக்கின் வேர் இந்த முகாம்தான் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

நான் சொல்ல வந்தது வேறொன்று. அங்கே ஏறக்குறைய ஒரு குழந்தைக்கு ஓர் இளைஞர் என்ற கணக்கில் துணை இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் உயர்நிலைப்பள்ளி, கல்லூரி மாணவர்கள். முகாமின் கதவைத் திறந்து வைப்பது ஆள்பலம் என்பதே என் அனுபவமும். சாய்தளமும் அகலமான கழிப்பறைக் கதவும் கட்டாயம் வேண்டும். ஆனால் அந்தக் கழிப்பறைக்குப் பிள்ளையை அழைத்துப்போக ஒருவர் இல்லையென்றால் கதவு அகலமாக இருந்து என்ன பயன்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முகாமுக்கு என்னைப் பார்வையாளராக அழைத்திருந்தார்கள். சித்திரை வெயில். வெளிவாசலில் ஓர் அம்மா மாற்றுத்துணிப் பையோடு உட்கார்ந்திருந்தார். மகனைச் சேர்த்துக்கொண்டார்கள், கூடவே அவரும் நாள் முழுக்க வாசலில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டுவிட்டார்கள். ஒன்பதிலிருந்து நான்கு மணிவரை அவர் வீட்டுக்குப் போகவில்லை. மகனுக்குக் கிடைத்தது முகாம். அம்மாவுக்குக் கிடைத்தது காவல் வேலை. இதைச் சேர்க்கை என்று நாம் அறிக்கைகளில் எழுதக்கூடாது.

நம் ஊர்க் கோடையில் மருத்துவ விவரமும் முகாமின் பகுதியே. வலிப்புக்குத் தரப்படும் டோபிராமேட் மருந்து சில குழந்தைகளுக்கு வியர்வையைக் குறைத்துவிடும், உடல் சூடேறும். தாகத்தைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு நாம்தான் மணி பார்த்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தெலும்பு மூட்டு தளர்ந்திருக்கும். மருத்துவரைக் கேட்காமல் குட்டிக்கரணம் போடவைக்கக் கூடாது. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் கண்மூடித் திறப்பதற்குள் தண்ணீரைத் தேடிப் போய்விடுவதுண்டு. ஆகவே குளமோ கிணறோ பக்கத்தில் இருந்தால் வேலி முதலில், விளையாட்டு பிறகு. ஒலிபெருக்கியும் விசிலும் எத்தனை பிள்ளைகளைக் காதைப் பொத்திக்கொண்டு அழவைத்திருக்கின்றன! சத்தமில்லாத ஒரு மூலை, அன்றைய நிகழ்ச்சிகளைப் படங்களாக ஒட்டிய ஓர் அட்டை — இவற்றுக்குப் பெரிய செலவில்லை.

இங்கே வாசிக்கப்படவுள்ள கட்டுரைகளின் சுருக்கங்களைப் படித்தேன். உழைப்பு தெரிகிறது. ஆனாலும் ஒரு கவலை. பல கட்டுரைகள் முகாமுக்கு முன்னும் பின்னும் மதிப்பெண் போட்டு, பேச்சு எவ்வளவு கூடியது, கவனம் எவ்வளவு கூடியது என்றே அளக்கின்றன. ஆண்டில் பத்து மாதம் பயிற்சி அறைகளில் கழிக்கும் குழந்தைக்கு மே மாதத்திலும் பயிற்சி அறையைக் கொடுத்து, அதற்கு முகாம் என்று பெயர் வைக்கலாமா? மண்ணில் புரள்வதற்கும், குச்சி ஐஸ் சட்டையில் ஒழுகுவதற்கும், பக்கத்துப் பையனோடு சண்டை போட்டு மறுநாள் அவனையே தேடுவதற்கும் முன்னேற்றம் என்ற காரணம் தேவையில்லை. மற்றப் பிள்ளைகளிடம் நாம் அந்தக் காரணத்தைக் கேட்பதில்லை.

2007-இல் இந்தியா ஏற்று உறுதிசெய்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30-ஆம் பிரிவு, மாற்றுத்திறனுள்ள குழந்தைகள் மற்றக் குழந்தைகளுக்குச் சமமாக விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் கலந்துகொள்வதை உறுதிசெய்யச் சொல்கிறது. நம் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் விளையாட்டையும் பொழுதுபோக்கையும் தனித்தனிப் பிரிவுகளில் பேசுகிறது. அப்படியிருந்தும் 'தன் வேலைகளைத் தானே செய்துகொள்ளும் குழந்தைகள் மட்டும்' என்ற வரி முகாம் விண்ணப்பங்களில் அச்சாகிக்கொண்டிருக்கிறது. அந்த வரியை எடுத்துவிட்டு, 'உங்கள் குழந்தைக்கு எந்த வேலையில் துணை வேண்டும்?' என்று கேளுங்கள். விடையைப் பார்த்து ஆட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களைச் சில நாள் பழக்கினால் நல்ல துணையாவார்கள்.

நிகழ்ச்சி நிரலில் ஒரு சிறு மாற்றத்துக்கு அமைப்பாளர்கள் இசைந்திருக்கிறார்கள். கட்டுரைகளுக்கு முன்பாக, சென்ற கோடையில் தங்கள் பிள்ளைக்கு இடம் கிடைக்காத மூன்று பெற்றோர்கள் பேசுவார்கள். அவர்கள் முடிக்கும்வரை யாரும் எழுந்து செல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்.