வீட்டின் மதிப்பும் மதிப்பீட்டாளர் தொழிலும்

(கெங்கவல்லியில் கூடிய நம் சங்கத்துக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒரு வீடு என்ன பெறும் என்னும் வினாவைக் குறித்துச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் எனக்குக் கட்டளையிட்டனர். இஃது எளிய வினாப்போலத் தோன்றும். ஆயினும், நம்மவர் குடும்பங்களில் உடன்பிறந்தார் ஒருவரோடொருவர் முகங்கொடுத்துப் பேசாமற்போன காரணத்தை ஆராயின், இவ்வினாவுக்கு நேர்மையான விடை கிடையாமையே பலவிடத்து அடியில் நிற்கக் காணலாம்.

நிலத்தை அளந்து மதிப்பிடுதல் நம் சேலம் சீமைக்குப் புதிதன்று. 1792-ஆம் ஆண்டில் இச்சீமையும் பாரமகாலும் கும்பினியார் வசமானபின், அலெக்சாண்டர் ரீடு என்பவரும், அவர்க்குத் துணையாயிருந்த தாமஸ் மன்றோவும் வயல் வயலாக நிலத்தை அளப்பித்துத் தீர்வை விதித்தனர். ரயத்துவாரி முறை உருப்பெற்றது அப்பொழுதே. அவர்கள் நாடியது சர்க்காருக்குச் சேரவேண்டிய தீர்வையின் அளவு. நிலத்தை விற்றால் என்ன விலைக்குப் போகும் என்பதன்று. ஆகலின், ஒரு மதிப்பை ஏற்குமுன் அஃது எதன்பொருட்டுச் செய்யப்பட்டது என்று கேட்டறிதல் வேண்டும்.

இக்காலத்தில் நம்மவர் பெரிதும் மயங்குவது வழிகாட்டி மதிப்பிலேயாம். பதிவுத் துறையார் தெருவாரியாகவும் சர்வே எண் வாரியாகவும் நிலத்துக்குக் குறித்து வைத்திருக்கும் தொகை அது. கிரயத்தைக் குறைத்துக் காட்டி முத்திரைக் கட்டணத்தைத் தப்பவிடாமற் காத்தற்கே அஃது ஏற்பட்டது. 2017-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தமிழ்நாடெங்கும் அதனை நூற்றுக்கு 33 வீதம் ஒரே நாளிற் குறைத்தனர். அன்றிரவு நம் வீட்டுச் சுவர்களில் மூன்றிலொரு பங்கு இடிந்து வீழ்ந்ததுண்டோ? 2023-ஆம் ஆண்டு ஏப்ரலில் பழைய அளவுக்கே உயர்த்தினர். அதனால் எவர் வீட்டிலும் ஓர் அறை கூடியதுமில்லை. கட்டணத்தைக் கணக்கிடும் கோல் அது. வீட்டின் விலையை அளக்கும் கோல் வேறு.

அவ்வேறு கோலைக் கையாளுபவரே மதிப்பீட்டாளர். அவர் முதலில் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி, வீட்டுவரி ரசீது ஆகியவற்றைப் பார்வையிடுவார். பின்பு நேரில் வந்து மனையை அளப்பார். பாதையின் அகலம், கூரையின் தன்மை, சுவரின் விரிசல், குடிநீர், சாக்கடை யாவற்றையும் குறித்துக்கொள்வார். மனையின் ஒரு பகுதி புறம்போக்கிலோ கோயில் நிலத்திலோ இருப்பது தெரிந்தால், அதனையும் மறையாது எழுதுவார்.

மதிப்பிடும் வழிகள் மூன்று. அண்மையில் விற்ற ஒத்த மனைகளின் விலையோடு ஒப்பிடுதல் ஒன்று. மனையின் விலையோடு, கட்டடத்தை இன்று கட்டும் செலவிலிருந்து தேய்மானம் கழித்த தொகையைக் கூட்டுதல் மற்றொன்று. வாடகை வருமானத்தைக்கொண்டு முதலைக் கணித்தல் மூன்றாவது.

ஓர் உதாரணம் சொல்லுவேன். இதிலுள்ள தொகைகள் கணக்கு விளங்கும்பொருட்டுக் கற்பித்தவை. ஐந்து சென்டு மனை 2,178 சதுர அடி ஆகும். சதுர அடி 600 ரூபாயாக மனையின் விலை 13,06,800 ரூபாய். அதில் 20 ஆண்டுக்கு முன் கட்டிய 1,000 சதுர அடி வீடு. இன்று கட்டினால் 20 லட்சம் செல்லும். வீட்டின் ஆயுள் 60 ஆண்டு என்றும், இறுதியில் மிஞ்சும் பொருள் நூற்றுக்கு 10 வீதம் பெறும் என்றும் கொண்டால், இதுவரை தேய்ந்தது 6 லட்சம். மீதி 14 லட்சம். ஆக மொத்தம் 27,06,800 ரூபாய்.

அதே வீட்டை மாதம் 6,000 ரூபாய் வாடகைக்கு விட்டால், ஆண்டுக்கு 72,000; வரியும் பழுதும் 12,000 போக நிற்பது 60,000. நூற்றுக்கு 6 வருமானம் என்று கணித்தால் முதல் 10 லட்சமே ஆகிறது. சிற்றூர்களில் வாடகை குறைவாதலின் இவ்வேறுபாடு நேர்கிறது. குடியிருக்கும் வீட்டுக்கு முன்னிரண்டு வழிகளும், கடைத்தெருக் கட்டடத்துக்கு மூன்றாம் வழியும் பெரிதும் பொருந்தும். எவ்வழி எங்குப் பொருந்தும் என்று துணிதலிலேயே மதிப்பீட்டாளரின் திறமை விளங்கும்.

இனி, பாங்குக் கடனைப் பற்றி ஒரு வார்த்தை. ரிசர்வ் பாங்கு வகுத்த வரம்பின்படி, 30 லட்சம் ரூபாய் வரையுள்ள வீட்டுக்கடன் சொத்து மதிப்பில் நூற்றுக்கு 90 வீதத்தையும், அதற்கு மேல் 75 லட்சம் வரையுள்ளது 80 வீதத்தையும், அதற்கும் மேற்பட்டது 75 வீதத்தையும் தாண்டலாகாது. ஆகவே மதிப்பு உயர்ந்தால் கடனும் உயரும் என்று கருதி, மதிப்பீட்டாளரைக் கூட்டி எழுதும்படி வேண்டுவோர் உளர். கூட்டி எழுதிய தொகைக்கு வாங்கிய கடனை வட்டியோடு கட்டுபவர் யார்? தவணை தவறின் 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீடு ஏலத்துக்கு வரும். அப்பொழுது வேறு மதிப்பீடு செய்தே ஏலத்தின் குறைந்தபட்ச விலையைக் குறிப்பார்கள். அமெரிக்க தேசத்தில் கடன் கொடுப்போரின் நெருக்குதலால் வீட்டு மதிப்பை உயர்த்தி எழுதிய வழக்கமும், 2008-ஆம் ஆண்டின் பெருவீழ்ச்சிக்குப் பின் அதனைத் தடுக்க அங்கே விதிகள் வகுத்தமையும் உலகறிந்தவை.

நிற்க. யான் முக்கியமாகச் சொல்ல வந்தது பாகப்பிரிவினையைப் பற்றியதாம். தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், பாரததேசம் முழுதும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் பெண்மக்கள் பூர்விகச் சொத்தில் ஆண்மக்களோடு ஒத்த பாத்தியதை பெற்றனர். 2020-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் அவ்வுரிமை பிறப்பாலேயே வருவது என்று உறுதிசெய்தது. அங்ஙனமிருக்க, நம்மவரிடையே நடப்பது யாது? தாய்தந்தையர் காலஞ்சென்றபின் அண்ணன் வீட்டை வைத்துக்கொண்டு, தங்கைமாருக்கு வழிகாட்டி மதிப்பின்படி கணக்குப் பார்த்துப் பணம் கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குகிறார். மேற்சொன்ன மனைக்கு வழிகாட்டி மதிப்பு சதுர அடி 250 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மக்கள் மூவராயின், மனையில் மாத்திரம் ஒவ்வொரு தங்கைக்கும் குறைந்துபோவது 2,54,100 ரூபாய். "பிறந்த வீட்டு உறவு போதும்" என்று கையொப்பமிட்ட பெண், பின்னர் அண்டை மனை விற்ற விலையைக் கேள்வியுறும்போது, அவ்வுறவும் போய்விடுகிறது.

முற்காலத்தில் மூத்தவன் கூறுபோட, இளையவன் முதலில் எடுத்துக்கொள்வான். கூறுபோட்டவன் வஞ்சியாதிருத்தற்கு அதுவே காவல். பகுக்கவியலாத ஒரு வீட்டுக்கு அம்முறை பயன்படாது. ஆகவே பங்கில்லாத ஒருவர் மதிப்பிட்டுச் சொல்லுதல் வேண்டும். அதற்கு ஆகும் கூலியை எல்லாப் பங்காளிகளும் சமமாகக் கொடுத்தல் வேண்டும். ஒருவரே கொடுப்பின் ஐயம் பிறக்கும். குடும்பத்தார்க்குள் எழுதும் பத்திரங்களுக்கு முத்திரைக் கட்டணத்தில் உச்சவரம்பு உண்டாதலின், உள்ள மதிப்பைச் சொல்லப் பெரிதும் அஞ்சவேண்டுவதில்லை.

மதிப்பீட்டாளர் தொழிலும் இப்பொழுது ஒழுங்கு பெற்றுவருகிறது. 1972-ஆம் ஆண்டில் செல்வவரிச் சட்டத்தைத் திருத்திப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் என்னும் வகுப்பை ஏற்படுத்தினர். அவ்வரி பின்னர் எடுபட்டுப்போயிற்று. 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, கம்பெனிச் சட்டத்தின் காரியங்களுக்காக நிலம், கட்டடம் மதிப்பிடப் பதிவு பெற விரும்புவோர், கட்டடப் பொறியியல், கட்டடக்கலை, நகரமைப்பு ஆகியவற்றிலொன்றில் பட்டமும், அதன்பின் ஐந்தாண்டு அனுபவமும் உடையராய், பயிற்சி பெற்றுப் பரீட்சையிலும் தேறவேண்டும். வேண்டுவோர் விருப்பத்துக்கிணங்க மதிப்பெழுதுதல் அவ்விதிகளின் ஒழுக்க முறையில் விலக்கப்பட்டுள்ளது. பாங்குகள் தத்தமக்கு வேண்டிய மதிப்பீட்டாளர்களைத் தனிப் பட்டியலிற் சேர்த்துக்கொள்கின்றன. பொறியியல் கற்று வேலை தேடும் நம் வாலிபரும் பெண்களும் இத்தொழிலைக் கருதுவாராக. கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடைப்பட்ட இச்சுவேத நதிப் பாங்கில், பாக்குத் தோப்பின் அருமையும் மரவள்ளிக் காட்டின் விளைவும் சிறுவயது முதல் கண்டறிந்தவர்க்கு, வெளியூரார்க்குப் புலப்படாத பல புலப்படும்.

பெரியோர்களே! பாகப்பிரிவினைக்காக உங்களை மத்தியஸ்தராக அழைக்கும் வீடுகளில், பத்திரம் எழுதுமுன் "மதிப்பிட்டவர் யார், அவர்க்கு இதில் பங்குண்டா?" என்று கேளுங்கள். விடை சரியாகக் கிடைத்தபின்னரே பேச்சைத் தொடங்குங்கள். தாய்மார்களே! கையொப்பமிடுமுன் நீங்களும் அதனைக் கேளுங்கள். அஃது உறவுக்குக் குறைவாகாது.