கல்லில் கோத்த மணிகள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

குறியீடு பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். அதற்காக மேலைநாட்டுக் கவிஞர்களைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. நம் மாவட்டத்தின் தென்கோடியில், முக்கடற் காற்றின் நடுவே, கல்லாலான குறியீடு ஒன்று நிற்கிறது. கன்னியாகுமரித் தூய அலங்கார உபகார மாதா திருத்தலத்தையே குறிப்பிடுகிறேன்.

1900-இல் அடிக்கல் இடப்பட்டு, 1914-இல் எழுந்து நின்ற கோத்திக் பாணிக் கோயில் அது. கூர்முனை வளைவுகள் நம் பார்வையை மேல்நோக்கி இழுக்கின்றன. கோயிலின் நீளம் 153 அடி; அகலம் 53 அடி; நடுக்கோபுரத்தின் உயரமும் 153 அடி. இவை தற்செயலாய் அமைந்த எண்கள் அல்ல. பதினைந்து மறைபொருள்களுக்குப் பத்துப் பத்தாக 150, தொடக்கத்தில் மூன்று, ஆக 153 மணிகள் கொண்டது முழுச் செபமாலை. ஐந்து மறைபொருள்களுக்கான சிறுமாலையில் 53 மணிகள். உள்ளே நடப்பவர், தாம் அறியாமலேயே, அடிக்கொரு மணியாக அம்மாலையினூடே நடக்கிறார்.

கண்ணுக்குத் தெரியும் குறியீடும் உண்டு. வீரமாமுனிவர் கோணான்குப்பத்து மாதாவுக்குத் தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் சிலை அமைத்தார். வேளாங்கண்ணியில் இன்றும் மாதாவுக்குப் புடவை சார்த்துகிறார்கள். 'இவள் நம்மவள்' என்று அந்தப் புடவை சொல்லிவிடுகிறது, அது உவமை. கல்லுக்குள் உறையும் எண்ணோ வாய் திறப்பதில்லை. எண்ணிப் பார்ப்பவருக்கே பொருள் தருகிறது. அது உள்ளுறை.

ஒருமுறை மாணவியரை அங்கு அழைத்துச் சென்று இக்கணக்கைப் பெருமிதத்தோடு விளக்கினேன். கடற்கரை ஊரைச் சேர்ந்த மாணவி ஒருத்தி மெல்லச் சொன்னாள்: "எங்கள் வீட்டில் அது மீன் கணக்கு, அம்மா."

நான் வாயடைத்து நின்றேன். யோவான் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரத்தில், இரவெல்லாம் ஒன்றும் அகப்படாத வலையில் விடியலில் சிக்கிய பெரிய மீன்கள் 153. அத்தனை மீன் இருந்தும் வலை கிழியவில்லை. ஒன்று முதல் பதினேழு வரை கூட்டினால் வரும் தொகை அது என்று கண்டு, புனித அகுஸ்தீனார் அவ்வெண்ணுக்கு விளக்கம் எழுதினார். முனைவர் பட்டம் பெற்ற நான் மணிகளை மட்டுமே எண்ணியிருந்தேன். வலை இழுத்தவரின் மகள் மீன்களை எண்ணியிருந்தாள்.

உள்ளுறைக்குக் கருப்பொருள்களே நிலைக்களம், அவற்றுள் தெய்வம் நீங்கலாக, என்று தொல்காப்பியர் வரையறுக்கிறார். செபமாலை தெய்வத்தைச் சார்ந்தது. மீனோ நெய்தலின் கருப்பொருள். இலக்கணம் கற்பித்த என்னைவிட அந்த மாணவியே தொல்காப்பியருக்கு அருகில் நின்றாள்.

2002-இல் இரண்டாம் யோவான் பவுல் திருத்தந்தை ஒளியின் மறைபொருள்கள் ஐந்தினைச் சேர்த்தார். முழுமாலையின் கணக்கு 203 ஆயிற்று. கல் வளரவில்லை. அப்படியானால் அக்குறியீடு பொய்த்துவிட்டதா? இல்லை. கட்டியவர் வைத்த பொருள் நகர்ந்தாலும், கடலிலிருந்து பார்ப்பவர் வைத்த பொருள் நிற்கிறது. மலையையும் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்துக் கடலடிப் பாரின் இடம் அறியும் மக்களுக்குக் கோபுரம் என்பது கரையின் முதற்சொல்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியது. அந்நாட்களில் நம் கடற்கரை ஊர்களில் விரல்கள் மணிகளை உருட்டின. கண்கள் மட்டும் திரும்பி வந்த படகுகளை எண்ணின. பலர் திரும்பவே இல்லை. கிழியாத வலை என்னும் குறியீட்டின் பாரத்தை நான் அப்போதுதான் உணர்ந்தேன். அது வெற்றியின் படம் அன்று. கிழிந்துவிடுமோ என்று அஞ்சுபவரின் வேண்டுதல்.

கவிஞர்களே! பத்தாண்டுகளில் இம்மேடையில் நல்ல கவிதைகள் பல கேட்டோம். ஆயினும் இறுதி வரியில் தம் பொருளைத் தாமே உரைத்துவிட்ட கவிதைகளும் பல. அந்த வரியை விட்டுவிடத் துணிவோம். அளவைச் சரியாக வைப்போம். எண்ணும் உரிமையை வாசகருக்கு விடுவோம். நாம் அறியாத ஒரு கணக்கை அவர் வீட்டிலிருந்து கொண்டுவருவார்.