முகடும் அடிக்கோடும்



கண்டி வாவிக் கரையில் நின்று தென்மேற்கே நோக்கினால் ஹந்தான மலைத்தொடர் கண்ணுக்குத் தோன்றும். அதன் மிக உயர்ந்த சிகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1160 மீற்றர் உயரமுடையது. ஆனால் கண்டி நகரமே ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. ஆகவே நகரத்தார் பார்வையில் அச்சிகரம் எழுந்து நிற்பது 660 மீற்றர் அளவே. இரண்டு கணக்கும் மெய்யே. எந்த மட்டத்திலிருந்து அளந்தோம் என்பதே வேறு. விஞ்ஞானியின் வரைபடத்திலும் இக்கேள்வியே எழுகின்றது.

அம்மலைச் சாரலிலே தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் இருக்கின்றது. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தோன்றிய இந்நிறுவகத்தை, உயிரின் தோற்றம் பற்றி ஆராய்ந்த சிறில் பொன்னம்பெரும அவர்கள் 1980களில் நடத்தினார். அங்கும் அருகேயுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் ஆராயப்படும் பொருள்களுள் ஒன்று, நம் நாட்டுக் காரீயம். பென்சிலில் எழுதும் அந்தக் கரியே, தூய்மைப்படுத்தப்பெற்றால் இலிதியம் மின்கலங்களுக்கும் உதவும்.

காரீயத்தின் தரத்தை அறிய ஒரு வழி, திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமன் 1928இல் கண்டறிந்த ஒளிச்சிதறல். காரீயத்தின்மீது லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறிய ஒளியை வரைந்தால், அலையெண் 1580 அருகே உயர்ந்த முகடு ஒன்று எழும். அது கரியணுக்களின் ஒழுங்கான அடுக்கைக் காட்டுவது. 1350 அருகே வேறொரு முகடு தோன்றுமாயின், அஃது அடுக்கிலுள்ள குறைகளைக் காட்டுவது. இரண்டாவது முகடு முதலாவதில் எத்தனை பங்கு என்பதே நாம் வேண்டும் விடை.

ஆனால் முகடுகள் வெறுந்தரையில் எழுவதில்லை. மாதிரியிற் கலந்த அழுக்குகள் தாமே ஒளிர்வதால், முகடுகளின் கீழே மூடுபனிபோல ஒரு பின்னணி பரவி நிற்கும். அப்பனியின் மேல்மட்டமே அடிக்கோடு. அதை ஊகித்து வரைந்து கழித்த பின்னரே முகட்டை அளக்கலாம்.

ஓர் உதாரணக் கணக்குப் பார்ப்போம். சிறிய முகட்டின் உச்சி 150 என்க. அடிக்கோட்டை 100இல் வைத்தால் மிஞ்சுவது 50. 120இல் வைத்தால் 30. பெரிய முகட்டின் உயரம் கழிவு போக 1000 என்றால், விடை முன்னதில் நூற்றுக்கு 5, பின்னதில் 3. பொருளோ ஒன்றே! கோடு சற்று நகர்ந்ததும் குறைகளில் ஐந்தில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது. பெரிய முகடு இப்பிழையைத் தாங்கும், சிறியது தாங்காது.

முன்னாளில் ஆய்வாளர்கள் அடிக்கோட்டை அடிமட்டங்கொண்டு வரைந்தனர். முகட்டைக் கத்தரியால் வெட்டியெடுத்துத் தராசில் நிறுத்துப் பரப்பளவு கண்டவர்களும் உண்டு. இன்று அவ்வேலையைக் கணினி மென்பொருள்கள் செய்கின்றன. போலந்து நாட்டு மார்சின் வொய்டிர் ஆக்கிய ஃபிட்டிக் அவற்றுள் ஒன்று. நாம் அடிக்கோட்டையும் முகடுகளின் தோராயமான இடத்தையும் உருவத்தையும் காட்ட, அது அவற்றின் உயரத்தையும் அகலத்தையும் சிறிது சிறிதாகத் திருத்தும். கணித்த கோட்டுக்கும் அளந்த புள்ளிகளுக்குமுள்ள வேறுபாடுகளின் வர்க்கங்களைக் கூட்டி, அத்தொகை மேலுங் குறையாத நிலையில் நிற்கும். 1944இல் லெவன்பேர்க்கும் 1963இல் மார்க்குவார்ட்டும் வகுத்த முறை இதற்குப் பெரிதும் பயன்படுகின்றது.

இங்கேதான் ஓர் ஆபத்து. முகடுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் எந்தக் கோடும் எந்தப் புள்ளிக்கும் பொருந்திவிடும். பொருந்தியதெல்லாம் உண்மையாகிவிடாது. அம்முகட்டுக்குப் பொருளில் ஒரு காரணம் உண்டா என்று கணினி கேட்பதில்லை. ஆய்வாளனே கேட்டல் வேண்டும். மிஞ்சிய வேறுபாடுகளையும் வரைந்து பார்த்தல் நன்று. அவை ஒழுங்கின்றிச் சிதறிக் கிடந்தால் நலம். அலைபோல் வளைந்தால், ஏதோ ஒன்று விடுபட்டது என்று கொள்ளலாம்.

ஆகவே, காரீயம் தூயது என்று ஓர் அறிக்கை கூறுமாயின், அடிக்கோட்டை எவ்வாறு வரைந்தீர்கள், எத்தனை முகடுகள் வைத்தீர்கள் என்று கேட்பது நம் உரிமை. அதைச் சொல்லி வைப்பது ஆய்வாளரின் கடமை. ஹந்தானவின் உயரத்தைச் சொல்பவர், எங்கிருந்து அளந்தார் என்பதையும் சொல்ல வேண்டுமன்றோ?