கலுங்கு வழிந்த பிறகுதான் கணக்கு

இராமநாதபுரத்துக் கடலை என்னைவிட நன்கறிந்தவர்கள் எதிரே அமர்ந்திருக்கையில் தலைமை இருக்கை சற்று உறுத்தத்தான் செய்கிறது. கடலோர உரம், பூச்சிமருந்து, வடிநீர் மேலாண்மை என்ற கருப்பொருளை முழுதும் அளக்கப் போவதில்லை. நைட்ரேட் கரைந்தோடும், பாஸ்பரஸ் பெரும்பாலும் மண்துகளைப் பற்றிக்கொண்டு போகும் என்பதை இங்கு யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கோல்ஃப் திடல்களுக்கென்று மேலைநாடுகளில் வகுத்த நெறிகள் நல்லவையே: மெதுவாகக் கரையும் உரம், நீர்க்கரையோரம் உரம் படாத புல்பட்டை, மழைக்கு முன் மருந்தடிக்காமை. அவற்றைப் பிற்பகல் அமர்வில் கேட்போம். ஆனால் அவை வேண்டும்போதெல்லாம் குழாய்நீர் பாயும் புல்லுக்கு எழுதப்பட்டவை. ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 827 மி.மீ. மழை, அதிலும் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீரும் இராமநாதபுரத்தில் வடிநீரின் நாள்காட்டி வேறு.

அந்த நாள்காட்டியை நாம் பார்ப்பதில்லை என்பதே என் வாதம். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூக்கா என்னும் மிதவை நுண்ணுயிரி பெருகிக் கடல் பச்சையானது. நீரில் ஆக்சிஜன் குறைந்து சிங்கில், குருசடை, பூமரிச்சான் தீவுகளில் பவளங்கள் மடிந்தன. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் அதைச் செம்மையாகப் பதிந்துள்ளனர். 2008 அக்டோபரிலும் இதே கடலில் இதே உயிரி பெருகியது. இந்தப் பெருக்கத்துக்கு வயல் உரமே காரணம் என்ற பேச்சு நம் வட்டாரத்தில் எளிதில் கைமாறுகிறது. ஆனால் செப்டம்பரில் இம்மாவட்டத்து வயல் புழுதியாகக் கிடக்கும்; மானாவாரி நெல் விதைப்பு அப்போதுதான் தொடங்கும்; மேலுரமாக யூரியா விழுவது மழை பிடித்துப் பயிர் தழைத்த பிறகு. அதோடு, மேல் கண்மாய் ஆயக்கட்டின் வடிகால் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. கடைசிக் கண்மாயின் கலுங்கு என்னும் உபரிநீர்ப் போக்கி வழியாதவரை அந்த நீர் கடலைக் காணாது. வழிந்தாலும் எந்தக் கடல்? வைகை இராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்குகிறது. மிகுவெள்ளம் ஆற்றங்கரை என்னும் ஊரருகே பாக் விரிகுடாவுக்குப் போகிறது. நாற்பத்தெட்டு மடை என்று ஊரார் பெருமை பேசும் ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயின் உபரியும் அந்தப் பக்கமே. ஆக, குற்றச்சாட்டில் மாதமும் தவறு, கடலும் தவறு.

குண்டாறு மன்னார் வளைகுடாவில்தானே கலக்கிறது என்பீர்கள். உண்மை, ஆனால் வடகிழக்குப் பருவம் தொடங்குமுன் அதில் பெரும்பாலும் மணல்தான். சென்ற ஆண்டின் நைட்ரேட் நிலத்தடி வழியாகக் கசிந்திருக்கலாமே என்பது வலுவான மறுப்பு. அதை நான் தள்ளவில்லை. அதை நிறுவக் கடலோரக் கிணறுகளின் நைட்ரேட் அளவு வேண்டும், ஊகம் போதாது. அதுவரை, மழைக்காகக் காத்திராத ஊர்ச் சாக்கடையையும் இறால் பண்ணைக் கழிவையும் முதலில் சந்தேகிப்பதே முறை. இதனால் உழவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதுவதாக எண்ண வேண்டாம். கடைசிக் கண்மாய்க்குக் கீழுள்ள வயல்கள் நேரே கடலுக்கு வடிகின்றன. மழை ஓய்ந்தபின் மிளகாய்க்கு அடிக்கும் மருந்தில் சிதையாமல் மண்ணில் தங்குவது அடுத்த பருவ வெள்ளத்தோடுதான் கிளம்பும். அது போய்ச் சேருமிடம் பாக் விரிகுடாவின் கடற்புல்; அங்கே நம் அளவீடு மெலிந்து கிடக்கிறது.

பவளத்தை எண்ணும் நண்பர்கள் விதைப்பு மாதத்தைக் கேட்பதில்லை. வேளாண் நண்பர்கள் வரப்போடு நின்றுவிடுகிறார்கள். இடையிலிருக்கும் கண்மாய் இரு துறைக்கும் அநாதை. இதற்கு வரலாறும் உண்டு. 1883-இல் சென்னை மாகாணம் தொடங்கிய கண்மாய்ச் சீரமைப்புத் திட்டம் அரசின் நேரடிப் பொறுப்பிலிருந்த ரயத்துவாரிக் கண்மாய்களுக்கே பதிவேடு எழுதியது. இராமநாதபுரம் சேதுபதி ஜமீன் கண்மாய்கள் 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே அரசின் பொறுப்புக்கு வந்தன. அவற்றின் கொள்ளளவு, மறுகால் விவரங்களை நம் கட்டுரைகளின் அடிக்குறிப்பில்கூடக் காண்பது அரிது. வண்டலில் படியும் பாஸ்பரஸ் எவ்வளவு, அதை அள்ளி வயலுக்கே திருப்பினால் உரச்செலவு எவ்வளவு குறையும் என்பது கண்மாய்ப் பதிவேடுகளைப் புரட்டாமல் விடை காணாத கேள்வி. ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே: மாதிரி நீரை, கலுங்கு வழிந்து முதல் மறுகால் பாயும் நாளில், ஆற்றங்கரை முகத்துவாரத்தில் எடுங்கள். அடைமழையில் படகு போகாதே என்ற பதில் இனிச் செல்லாது. அங்கே கரையில் நின்றே வாளியை இறக்கலாம்.