வெளிநாட்டு அக்கா வந்தால் மட்டும் போதுமா?

(தாம்பரம் பகுதி ஊக்குநர், பிரதிநிதிகள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் எல்லாம் பேசி முடித்து தீர்மான நோட்டையும் மூடியாச்சு. இன்னும் கொஞ்ச நேரம் பொறுமையாக உட்காருங்கள். சில மாதங்களாக பெருங்களத்தூர், முடிச்சூர், சேலையூர் பக்கத்துக் குழுக்களில் எங்களிடம் ஒரே மாதிரி கேள்வி வந்துகொண்டிருக்கிறது. "புருஷன் இல்லாதவ, வீட்டு வேலைக்குப் போறா. வயசுக்கு வரப்போற பொண்ணைத் தனியா விட்டுட்டுப் போக பயமா இருக்கு. ஒரு கிறிஸ்தவ ஹோம்ல சேர்க்கச் சொல்றாங்க. அங்க வெளிநாட்டு அக்காங்க வந்து இங்கிலீஷ் சொல்லித் தர்றாங்களாம். சேர்க்கலாமா?"

பட்டென்று வேண்டாம் என்று நாங்கள் சொல்வதில்லை. தாயின் பயம் நியாயமானது. ஆனால் "வெளிநாட்டு அக்கா வர்றாங்க" என்பதையே அந்த இல்லத்துக்கு நற்சான்று மாதிரி சொல்வதைத்தான் யோசிக்க வேண்டும்.

நம் தமிழ்நாட்டுக்கு அப்படி வந்த ஒரு அம்மையார் கதையை முதலில் சொல்கிறோம். பெயர் ஏமி கார்மைக்கேல். 1867ல் அயர்லாந்தில் பிறந்தவர். இந்தியா வருவதற்கு முன்பே பெல்பாஸ்ட் நகரில் மில் வேலைக்குப் போகும் ஏழைப் பெண்கள் மத்தியில் வேலை செய்தவர். தொப்பி வாங்க வசதியில்லாமல் தலையில் சால்வை போட்டுக்கொண்டு வரும் பெண்கள் அவர்கள். சர்ச்சுக்கு வந்த பெரிய மனுஷர்களுக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. எந்த ஊராக இருந்தாலும் கதை ஒன்றுதான், பாருங்கள்!

1895ல் இந்தியா வந்தார். அடுத்த வருடம் திருநெல்வேலிச் சீமைக்குப் போனார். போன உடனே இல்லம் திறந்து போர்டு மாட்டவில்லை. தமிழ் படித்தார். புடவை கட்டிக்கொண்டு, நம் ஊர்ப் பெண்களோடு கிராமம் கிராமமாக நடந்தார். 1901 மார்ச்சில்தான், கோயிலுக்குப் பொட்டுக்கட்ட விடப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி அவரிடம் வந்து சேர்ந்தாள். டோனாவூர் இல்லம் தொடங்கியது இப்படித்தான். 1951ல் அங்கேயே இறந்தார். 55 வருடம், நடுவில் ஒரு தடவைகூட சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. 1931ல் கீழே விழுந்து அடிபட்ட பிறகு பெரும்பாலும் படுக்கைதான். கல்லறைக்குக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, அதில் "அம்மா" என்று மட்டும் எழுதினார்கள்.

ஆனால் அவர் ஒருவரால் நடந்த காரியம் இல்லை அது. பொன்னம்மாள் என்று ஒரு விதவைப் பெண் இருந்தார். கைக்குழந்தைகள் வரத் தொடங்கியதும் மருத்துவமனை பக்கத்தில் இருக்கட்டும் என்று நெய்யூரில் ஒரு சிசு இல்லம் வைத்தார்கள். அதன் பொறுப்பு முழுக்கப் பொன்னம்மாள் கையில். தாய்ப்பால் இல்லாத பச்சைக் குழந்தைகளை அந்தக் காலத்தில் உயிரோடு காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று நம்மில் பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். வயிற்றுப்போக்கு வந்து குழந்தைகள் இறந்தும் போனார்கள். 1915ல் பொன்னம்மாள் இறந்த பிறகு ஏமி அம்மையார் அவரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். வெளிநாட்டம்மா பேர் எல்லாருக்கும் தெரிகிறது, பொன்னம்மாள் பேர் எத்தனை பேருக்குத் தெரியும்? குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவர் பேர் வெளியே தெரியாத மாதிரிதான்.

இதிலும் நமக்கு ஒரு கருத்து உண்டு. அந்தக் காலத்தில் எந்தக் குழந்தை இல்லத்தில் இருக்கலாம் என்பதை அம்மையாரே முடிவு செய்தார். குழந்தையைக் கடத்திவிட்டார் என்ற குற்றச்சாட்டும் அவர் மேல் வந்தது. அவர் எண்ணம் நல்லதாக இருந்திருக்கலாம், ஆனால் ஒரு தனி ஆளின் நல்ல எண்ணத்தை மட்டும் நம்பிப் பெண் குழந்தைகளை விட முடியாது. அதற்குச் சட்டம் வேண்டும். சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இரண்டையும் செய்தார். அடைக்கலம் தேடி வந்த பெண்களுக்காக 1930ல் ஔவை இல்லம் தொடங்கினார், இன்றும் அடையாறில் இருக்கிறது. பொட்டுக்கட்டுவதை எதிர்த்துச் சட்டசபையிலும் போராடினார். 1947ல் அந்தச் சட்டம் வந்தது.

இப்போது நம் ஏரியாவுக்கு வருவோம். மீனம்பாக்கம் விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் வெளிநாட்டிலிருந்து வருவதும் சுலபம், போவதும் சுலபம். மூன்று வாரம், ஒரு மாதம் என்று வருகிறார்கள். பாட்டு, படம் வரைதல், இங்கிலீஷ். நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஏற்கனவே அப்பாவையோ அம்மாவையோ இழந்த குழந்தை அந்த அக்காவிடம் ஒட்டிக்கொள்கிறது. அவர் கிளம்பிவிடுகிறார். அடுத்த மாதம் வேறு அக்கா. குழந்தைக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு பிரிவு. சில நாடுகளில் இன்னும் மோசம். பார்க்க ஆள் வந்தால் பணம் வரும் என்பதற்காகவே, பெற்றோர் உள்ள பிள்ளைகளையும் அனாதை என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை தீர்மானத்திலேயே இந்த மாதிரி தொண்டு வேலை, சுற்றுலா பற்றி எச்சரிக்கை செய்திருக்கிறார்கள்.

நமக்குப் பக்கத்தில், மாமல்லபுரத்தில் அனாதை இல்லக் குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளாவதாக 2007ல் பத்திரிகையில் வந்த செய்தி உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த வழக்கில்தான் 2017 மே மாதம், நாடு முழுக்க எல்லாக் குழந்தைகள் இல்லங்களும் பதிவு செய்தாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆபத்து வெளிநாட்டிலிருந்து மட்டும்தான் வரும் என்று நினைக்காதீர்கள். 2025 ஜூனில் நம் தாம்பரம் அரசு சேவை இல்லத்தில் ஒரு மாணவி பாலியல் தாக்குதலுக்கு ஆளானாள். கைதானவர் அங்கேயே வேலை பார்த்த காவலாளி. அதனால் மத இல்லமா, அரசு இல்லமா, தோல் என்ன நிறம் என்று பார்த்துப் பயனில்லை. கேள்வி கேட்கணும்.

என்ன கேட்பது? 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவுச் சான்று இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பதிவு இல்லாமல் நடத்தினால் ஒரு வருடம் வரை சிறை, ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். "இல்லம் இல்லைங்க, ஹாஸ்டல்தான்" என்றால் 2014 தமிழ்நாடு சட்டப்படி உரிமம் இருக்க வேண்டும். இல்லம் என்றால் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தித்தான் சேர்க்க வேண்டும். "அதெல்லாம் வேணாம்மா, நேரா கூட்டிட்டு வா" என்று சொன்னால் அங்கேயே திரும்பி நடங்கள். எப்போது வந்து பார்க்கலாம், போனில் பேசலாமா, லீவுக்கு வீட்டுக்கு அனுப்புவார்களா என்று கேளுங்கள். தொண்டு செய்ய வருபவர் ராத்திரி பிள்ளைகளோடு தங்குகிறாரா, தனியாக வெளியே கூட்டிப் போகிறாரா என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள். போட்டோ விஷயம் முக்கியம். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் பெயரையோ படத்தையோ அடையாளம் தெரியும்படி வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் மகள் முகம் யாருடைய நன்கொடை நோட்டீசிலும் வரக் கூடாது. சந்தேகம் எதுவானாலும் 1098, இலவச எண். பேர் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக ஒன்று, இது நிறையப் பேருக்குத் தெரியவில்லை. கஷ்டம் பணக் கஷ்டம் மட்டும்தான் என்றால் குழந்தையைப் பிரியவே வேண்டாம். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் விதவைத் தாய், கைவிடப்பட்ட தாய், தீராத நோயில் இருக்கும் பெற்றோர் இவர்களுடைய குழந்தைக்கு, வீட்டிலேயே வைத்து வளர்க்க மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. வருட வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. செங்கல்பட்டு மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள், பயப்பட வேண்டாம்.

ஊக்குநர்கள் அவரவர் குழுவில் இப்படிப்பட்ட தாய்மார்கள் யார் யார் என்று எழுதி எடுத்துக்கொண்டு வாங்க. பிள்ளையின் ஆதார், ரேஷன் கார்டு, பள்ளியில் படிக்கும் சான்று, வங்கி பாஸ்புக், கணவர் இறந்திருந்தால் இறப்புச் சான்று, எல்லாவற்றிலும் ஒரு நகல். வருமானச் சான்று கைக்கு வர நாளாகும், அதனால் இ-சேவை மையத்தில் இந்த வாரமே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த மாதக் கூட்டம் முடிந்ததும் இதே ஹாலில் உட்கார்ந்து விண்ணப்பங்களைச் சேர்ந்து எழுதுவோம்.